பொருளாதாரம் படிக்காத லகார்ட் அந்த நாற்காலிகளில் எப்படி உட்கார்ந்தார்?

நீங்கள் கேட்டது இது: கிறிஸ்டின் லகார்ட் ஒரு வழக்கறிஞர், பொருளாதாரத்தில் பட்டம் கிடையாது. அப்படிப்பட்டவர் முதலில் ஐ.எம்.எஃப் (நெருக்கடியில் சிக்கும் நாடுகளுக்குக் கடன் தரும் பன்னாட்டு நிதியம்), அடுத்து ஐரோப்பிய மத்திய வங்கி என்று உலக நிதித்துறையின் இரண்டு பெரிய நாற்காலிகளில் அடுத்தடுத்து உட்கார்ந்தது திறமையாலா, செல்வாக்காலா? கடைசி வரியில் இன்னொன்றும் சேர்த்திருக்கிறீர்கள்: நீங்கள் சட்டம் படிக்கிறீர்கள், 'லகார்டைப் பார், நீயும் அங்கே போகலாம்' என்று உங்கள் பேராசிரியர் ஒருவர் சொல்லியிருக்கிறார். உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பதில் சொல்ல முதல் கேள்வியைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். நாற்காலி கிடைத்தது ஒரு கதை, அதில் உட்கார்ந்து அவர் செய்தது வேறு கதை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் அவரைப் பற்றிய விவாதம் எப்போதும் 'மேதை', 'அரசியல் நியமனம்' என்று இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. நான் வங்கி ட்ரெஷரியில் அரசுப் பத்திரங்களும் அந்நியச் செலாவணியும் வாங்கி விற்றவன், பிறகு பன்னாட்டு நிதி பாடம் எடுப்பவன். இந்த நிறுவனங்களுக்குள் வேலை பார்த்ததில்லை. அவை வெளியிடும் ஆவணங்களையும், அவற்றைப் படித்துவிட்டு சந்தை என்ன செய்கிறது என்பதையும் பார்த்தே பழகியவன். அந்த அளவுக்கு என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

இளமைக் கதையில் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம். 1956-ல் பாரிஸில் பிறந்தார், லெ ஹாவ்ர் துறைமுக நகரில் வளர்ந்தார், பதின்ம வயதில் பிரான்ஸின் ஒருங்கிசை நீச்சல் அணியில் இருந்தார். பள்ளிப் படிப்பு முடியும் சமயத்தில் ஓராண்டு அமெரிக்காவில் படித்தார். அதிபர் நிக்சனைப் பதவியிலிருந்து இறக்கிய வாட்டர்கேட் விவகாரம் கொதித்துக்கொண்டிருந்தபோது வில்லியம் கோஹன் என்ற காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்தில் பயிற்சிக்கு இருந்தார். அவர் வாழ்க்கையைத் திருப்பிய விஷயம் ஒரு தோல்வி என்பேன். பிரான்ஸில் அதிகார வர்க்கத்தின் வாசல் ஈ.என்.ஏ என்ற நிர்வாகக் கல்லூரி. அதிபர்களான சிராக், ஒல்லாந்த், மக்ரோன் எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள். ஐ.எம்.எஃப் தலைவர்களாக இருந்த லாரோசியேரும் கம்தெசுவும் அப்படியே. லகார்ட் அதன் நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதித் தேறவில்லை. தேறியிருந்தால் பிரெஞ்சு நிதி அமைச்சகத்தில் இன்னொரு உயரதிகாரியாக மேலே வந்திருப்பார். தேறாததால் 1981-ல் பேக்கர் அண்ட் மெக்கென்சி என்ற அமெரிக்கச் சட்ட நிறுவனத்தின் பாரிஸ் கிளையில் சேர்ந்தார். தொழிலாளர் சட்டமும், வணிகப் போட்டி தொடர்பான வழக்குகளும் அவருடைய துறை.

அங்கே இருந்த 24 ஆண்டுகளைப் பலர் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பெரிய சட்ட நிறுவனம் ஒன்று கம்பெனி மாதிரி நடப்பதில்லை. அங்கே பங்குதாரர்கள்தான் முதலாளிகள். ஒவ்வொருவருக்கும் சொந்தமாகக் கட்சிக்காரர்கள் உண்டு, சொந்த வருமானம் உண்டு, தலைவரைப் பிடிக்கவில்லை என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு எதிர் நிறுவனத்துக்குப் போகும் வசதியும் உண்டு. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் கிளைகள் உள்ள அப்படியொரு நிறுவனத்தின் உலகளாவிய செயற்குழுவுக்கு 1999-ல் அவர் தலைவரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர். அந்தப் பதவியில் யாருக்கும் உத்தரவு போட முடியாது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி, யாருக்கு எது விட்டுக்கொடுக்க முடியாதது என்று தெரிந்துகொண்டு, கூட்டம் தொடங்கும் முன்பே முடிவைச் சமைத்து வைத்திருக்க வேண்டும். பின்னாளில் வாஷிங்டனிலும் (ஐ.எம்.எஃப்) ஃபிராங்ஃபர்ட்டிலும் (ஐரோப்பிய மத்திய வங்கி) அவர் செய்த வேலையின் பெரும்பகுதி இதேதான். பொருளாதாரம் படிக்கவில்லை என்பது உண்மை. அந்த வேலைக்குப் பயிற்சி இல்லாமல் வந்தார் என்பது பொய்.

2005-ல் சிராக் காலத்தில் வர்த்தக அமைச்சரானார். 2007-ல் சார்கோசி அதிபரானதும் சில வாரங்கள் வேளாண்மை, உடனே நிதி. ஜி7 நாடுகளில் நிதி அமைச்சரான முதல் பெண் என்ற பெயர் அப்போது வந்தது. ஓராண்டில் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி விழுந்தது, அதன் பின்னே கிரீஸின் கடன் நெருக்கடி வந்தது. 2010 மே 9 ஞாயிற்றுக்கிழமை பிரஸ்ஸல்ஸில் கூடிய நிதி அமைச்சர்கள், திங்கட்கிழமை ஆசியச் சந்தைகள் திறப்பதற்குள் ஏதாவது அறிவித்தாக வேண்டும் என்று விடிய விடிய உட்கார்ந்து 75,000 கோடி யூரோ அளவிலான மீட்புத் திட்டத்தை அறிவித்தார்கள். அந்த அறையில் அவர் முக்கியமான ஆள். ஐரோப்பிய ஒப்பந்தத்தில் ஒரு நாட்டின் கடனை இன்னொரு நாடு ஏற்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. யூரோவைக் காப்பாற்ற விதிகளை எல்லாம் மீறினோம் என்ற பொருளில் அந்த ஆண்டின் இறுதியில் அவரே பேட்டி கொடுத்தார். ஒரு வழக்கறிஞர் வாயிலிருந்து வந்த வார்த்தை அது என்பதைக் கவனியுங்கள்.

இனி நாற்காலி கிடைத்த கதை. 2011 மே மாதம் அப்போதைய தலைவர் டொமினிக் ஸ்ட்ராஸ்கான் நியூயார்க்கில் கைதாகிப் பதவி விலகியதால் ஐ.எம்.எஃப் தலைமை திடீரென்று காலியானது. லகார்டை எதிர்த்து நின்றவர் மெக்சிகோ மத்திய வங்கி ஆளுநர் அகஸ்டின் கார்ஸ்டென்ஸ். சிகாகோவில் பொருளாதார முனைவர் பட்டம், நிதி அமைச்சர் அனுபவம், ஐ.எம்.எஃபிலேயே துணை நிர்வாக இயக்குநராக இருந்த அனுபவம், எல்லாம் அவரிடம் இருந்தது. தகுதிப் பட்டியலை மட்டும் எதிரெதிரே வைத்தால் அவர்தான் முன்னால் நிற்பார். ஆஸ்திரேலியாவும் கனடாவும் அவரை ஆதரித்தன. ஆனால் ஐ.எம்.எஃபில் நாட்டுக்கு ஒரு ஓட்டு இல்லை. ஓட்டு, ஒவ்வொரு நாடும் நிதியத்தில் போட்டிருக்கும் பங்குத்தொகையைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிடம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, அமெரிக்காவிடம் ஆறில் ஒரு பங்கு. உலக வங்கிக்கு அமெரிக்கர், ஐ.எம்.எஃபுக்கு ஐரோப்பியர் என்பது இரண்டும் தொடங்கிய நாளிலிருந்து எழுதாத ஒப்பந்தம். இந்தக் கணக்கில் ஐரோப்பா ஒரே பெயரைச் சொன்ன அன்றைக்கே முடிவு ஏறக்குறைய தெரிந்துவிட்டது. அவர் பிரேசில், இந்தியா, சீனா என்று நேரில் போய் ஆதரவு கேட்டார் என்பதும் உண்மை. சீனரான ஜு மின்னுக்குத் துணை நிர்வாக இயக்குநர் பதவி புதிதாக உருவாக்கித் தரப்பட்டதை அந்த ஆதரவுக்குக் கைம்மாறு என்று பலர் சொன்னார்கள். பொருந்தி வருகிறது, ஆனாலும் அது ஊகம்தான். எனவே 'செல்வாக்கா' என்ற கேள்விக்கு, பதவி கிடைத்த விஷயத்தில், ஆமாம் என்பதே பதில். பிரெஞ்சுக் குடியுரிமையும் ஐரோப்பாவின் ஓட்டுப் பலமும் இல்லாமல் அது நடந்திருக்காது. இது லகார்டுக்கு மட்டும் உரிய குறை இல்லை; அவருக்கு முன்னும் பின்னும் அந்த நாற்காலியில் உட்கார்ந்த எல்லோருமே ஐரோப்பியர்கள்.

உட்கார்ந்த பிறகு நடந்தது சுவாரசியமானது. பிரெஞ்சு நிதி அமைச்சராக இருந்தவர் பிரெஞ்சு வங்கிகளுக்கு வாலாட்டுவார் என்று எதிர்பார்த்தவர்கள் பலர். பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2011 ஆகஸ்டில், மத்திய வங்கியாளர்கள் ஆண்டுதோறும் கூடும் ஜாக்சன் ஹோல் கூட்டத்தில், ஐரோப்பிய வங்கிகளுக்கு அவசரமாக மூலதனம் ஏற்ற வேண்டும் என்று பேசினார். ஐரோப்பியத் தலைநகரங்கள் கொதித்தன. பிறகு நடந்ததைப் பார்த்தால் அவர் சொன்னது சரி. 2012 ஜனவரியில் தாவோஸ் உலகப் பொருளாதார மன்ற மேடையில் தன் கைப்பையைத் தூக்கிக் காட்டி, கொஞ்சம் பணம் வசூலிக்க வந்திருக்கிறேன் என்றார். அரங்கம் சிரித்தது. ஏப்ரலுக்குள் 43,000 கோடி டாலருக்கு மேல் உறுதிமொழி சேர்ந்துவிட்டது; சில வாரங்களில் லாஸ் கபோஸில் கூடிய ஜி20 மாநாட்டின்போது சீனா 4,300 கோடியும், இந்தியா, ரஷ்யா, பிரேசில், மெக்சிகோ தலா 1,000 கோடியும் தருவதாகச் சொன்னன. பணக்கார ஐரோப்பாவுக்கான தடுப்புச் சுவருக்கு ஏழை நாடுகள் ஏன் செங்கல் தர வேண்டும் என்ற கேள்வி எல்லாத் தலைநகரங்களிலும் இருந்தபோது கிடைத்த பணம் அது. பொருளாதார மாடல் எதுவும் அந்த வேலையைச் செய்து தராது.

ஐ.எம்.எஃப் தலைவர் என்றால் வட்டி விகிதத்தையும் வளர்ச்சி விகிதத்தையும் தானே உட்கார்ந்து கணக்குப் போடுபவர் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. இல்லை. கணக்குப் போட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார வல்லுநர்கள் இருக்கிறார்கள். அப்போது தலைமைப் பொருளாதார நிபுணர் ஒலிவியே பிளான்ஷார். தலைவர் நிர்வாகக் குழுவுக்குத் தலைமை தாங்குகிறார், அவர் காலத்தில் அதில் 24 இயக்குநர்கள். அங்கே ஓட்டெடுப்பு அபூர்வம். பேசிப் பேசி ஒருமித்த கருத்துக்குக் கொண்டுவருவதுதான் வழக்கம். சிக்கன நடவடிக்கைகளின் பாதிப்பை நாங்கள் குறைத்து மதிப்பிட்டோம் என்று பிளான்ஷாரும் டேனியல் லீயும் 2013 ஜனவரியில் ஆய்வு வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஜூனில், 2010-ல் கிரீஸுக்குக் கடன் தந்த மீட்புத் திட்டத்தில் குறிப்பிடத்தக்க தோல்விகள் இருந்தன என்று ஐ.எம்.எஃபே ஒப்புக்கொண்டு ஆவணம் வெளியிட்டது. தன் காலத்தில் இப்படி வெளியே வர அனுமதித்ததை நான் அவர் கணக்கில் வரவு வைப்பேன். 2010-ல் நிதி அமைச்சராக அந்தத் திட்டத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர் என்பதால் இன்னும் கூடுதலாக. 2015 ஜூன் 30-ல் கிரீஸ் சுமார் 150 கோடி யூரோ தவணையைக் கட்டவில்லை. வளர்ந்த நாடு ஒன்று ஐ.எம்.எஃபுக்குப் பாக்கி வைத்தது அதுதான் முதல் முறை. அதற்குப் பின் கடனைக் குறைக்காமல் புதுத் திட்டத்தில் பணம் போட மாட்டோம் என்று ஜெர்மனியிடம் அவர் நிறுவனம் பிடிவாதமாக நின்றது; மூன்றாவது திட்டத்தில் ஐ.எம்.எஃப் பணம் போகவே இல்லை. ஆனால் அந்தப் பிடிவாதம் ஐந்து ஆண்டுகள் தாமதமானது. அந்த ஐந்து ஆண்டுகளுக்கான விலையை ஏதென்ஸ் கொடுத்தது, வாஷிங்டன் கொடுக்கவில்லை.

அவர்மீது வைக்கக்கூடிய கனமான குற்றச்சாட்டு அர்ஜென்டினா. 2018 ஜூனில் அதிபர் மவுரிசியோ மக்ரியின் அரசுக்கு 5,000 கோடி டாலர் கடன் ஒப்புதலானது, அந்நாட்டுப் பங்குத்தொகையில் 11 மடங்குக்கு மேல். வழக்கமான உச்சவரம்பு 4.35 மடங்கு. சில மாதங்களில் அதுவும் போதாமல் 5,700 கோடி ஆக்கினார்கள். ஐ.எம்.எஃப் வரலாற்றில் அதற்கு முன் அத்தனை பெரிய கடன் இல்லை. இங்கே உங்கள் பாடத்துக்குப் பயன்படும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு நாட்டின் கடன் தாங்கக்கூடியதுதான், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்ற சாம்பல் நிலையில், கடன் கொடுத்த தனியாரிடம் தவணைக் காலத்தை நீட்டச் சொல்லலாம் என்று ஐ.எம்.எஃப் 2016-ல் தன் விதியை மாற்றியிருந்தது. கிரீஸில் பட்ட அடியிலிருந்து கற்றுக்கொண்டு, லகார்ட் தலைமையிலேயே செய்த மாற்றம். அர்ஜென்டினாவை ஐ.எம்.எஃப் ஊழியர்களே அந்தச் சாம்பல் நிலையில்தான் வைத்தார்கள். இருந்தும் அந்த வழியை யாரும் கையில் எடுக்கவில்லை. கடன் சீரமைப்பும் வேண்டாம், மூலதனக் கட்டுப்பாடும் வேண்டாம் என்று மக்ரி அரசு கோடு போட்டது, நிதியம் அந்தக் கோட்டுக்குள் நின்றது. 2019 ஆகஸ்ட் முதற்கட்டத் தேர்தலில் மக்ரி தோற்றதும் பெசோ கடுமையாகச் சரிந்தது, திட்டம் நின்றுபோனது. அதற்குள் சுமார் 4,400 கோடி டாலர் போய்விட்டது. திட்டம் தன் நோக்கங்களை அடையவில்லை என்று ஐ.எம்.எஃபின் சொந்த மதிப்பீடு 2021 டிசம்பரில் எழுதியது. டிரம்ப் நிர்வாகம் மக்ரிக்குப் பின்னால் நின்றது ஒளிவுமறைவில்லாத விஷயம். அது லகார்டின் முடிவை எவ்வளவு வளைத்தது என்பதற்கு ஆவணச் சான்று வேண்டும், அது பொதுவெளியில் இல்லை. என் கணிப்பைச் சொல்கிறேன்: இது பொருளாதார அறிவு இல்லாததால் வந்த தவறு அல்ல. எல்லோரையும் இணைத்துக் கையெழுத்து வாங்கும் அதே திறமை, 'இல்லை' என்று ஒருவர் சொல்லியாக வேண்டிய இடத்தில் உதவவில்லை.

இன்னொரு விஷயம், சட்டம் படிக்கும் நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. தொழிலதிபர் பெர்னார் டாபிக்கும், ஒரு காலத்தில் அரசு வங்கியாக இருந்த கிரெடி லியோனேவுக்கும் அடிடாஸ் பங்கு விற்பனை தொடர்பாக நெடுநாள் வழக்கு. நிதி அமைச்சராக இருந்தபோது அதை நீதிமன்றத்திலிருந்து நடுவர் மன்றத்துக்கு அனுப்ப அவர் ஒப்புக்கொண்டார். 2008-ல் டாபிக்குச் சுமார் 40 கோடி யூரோ தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அதை எதிர்த்து அரசு முறையிடவில்லை. அந்தத் தீர்ப்பைப் பிறகு நீதிமன்றம் ரத்து செய்தது. 2016 டிசம்பரில், அமைச்சர்களை விசாரிக்கும் குடியரசு நீதிமன்றம் லகார்ட் கவனக்குறைவாக நடந்தார் என்று தீர்ப்பளித்தது. தண்டனை எதுவும் விதிக்கவில்லை. பதவியிலிருந்து விலக வேண்டியதில்லை என்று ஐ.எம்.எஃப் நிர்வாகக் குழு அன்றே சொல்லிவிட்டது. அவர் பணம் வாங்கினார் என்று யாரும் நிரூபிக்கவில்லை, நீதிமன்றம் சொன்னதும் அது அல்ல. இதைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள், இணையத்தில் இரண்டையும் கலந்துதான் எழுதுகிறார்கள். என்னை உறுத்துவது வேறு. மேல்முறையீடு செய்வதா வேண்டாமா என்பது எந்த வழக்கறிஞருக்கும் அன்றாடச் சோறு. பொருளாதாரம் தெரியாதவர் என்று குறை சொல்லப்பட்ட ஒருவர், கடைசியில் நீதிமன்றத்தில் நின்றது தன் சொந்தத் தொழிலுக்குள் வரும் ஒரு முடிவுக்காக.

2019 ஜூலை 2-ல் ஐரோப்பியத் தலைவர்கள் நான்கு பதவிகளை ஒரே மூட்டையாகப் பேசி முடித்தார்கள். ஐரோப்பிய ஆணையத் தலைமை ஜெர்மனியின் உர்சுலா ஃபான் டெர் லையனுக்கு, மத்திய வங்கி பிரான்ஸின் லகார்டுக்கு. இது அப்பட்டமான அரசியல் பேரம், யாரும் மறைக்கவும் இல்லை. அவர் வந்து சேர்ந்த இடத்தில் வீடு இரண்டுபட்டிருந்தது. அவருக்கு முன் தலைவராக இருந்த மரியோ டிராகி போகும் முன் செப்டம்பரில் பத்திரக் கொள்முதலை (மத்திய வங்கி பத்திரங்களை வாங்கிச் சந்தையில் பணம் விடுவதை) மறுபடி தொடங்கியதை ஆளுநர் குழுவில் கணிசமானவர்கள் எதிர்த்திருந்தார்கள். ஓய்வுபெற்ற மத்திய வங்கியாளர்கள் பகிரங்கக் கடிதமே எழுதினார்கள். பதவியேற்று இரண்டு வாரத்துக்குள் லகார்ட் 25 பேர் கொண்ட அந்தக் குழுவை ஃபிராங்ஃபர்ட்டுக்கு வெளியே குரோன்பெர்க்கில் உள்ள ஒரு கோட்டை விடுதிக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். எப்படிப் பேசுவது, எப்படி முடிவெடுப்பது என்பதே பேச்சுப் பொருள். பழைய சட்ட நிறுவனத் தலைவரின் கை அதில் அப்படியே தெரிந்தது. தான் பருந்தும் (வட்டியை ஏற்றச் சொல்பவர்) இல்லை, புறாவும் (வட்டியைக் குறைக்கச் சொல்பவர்) இல்லை, ஆந்தை என்றார் டிசம்பரில்.

அடுத்த மூன்றே மாதத்தில், கொரோனா பயத்தில் சந்தைகள் ஆடிக்கொண்டிருந்தபோது, வந்தது 2020 மார்ச் 12, வியாழக்கிழமை. எங்களைப் போன்றவர்கள் மறக்க முடியாத நாள். பத்திர மேசையில் இருப்பவர்கள் மத்திய வங்கியின் அறிவிப்பைப் படித்துவிட்டு எழுந்து போக மாட்டார்கள். அதன் பின் வரும் கேள்வி-பதிலுக்காகக் காத்திருப்பார்கள். ஒரு திரையில் தலைவர் பேசிக்கொண்டிருப்பார், பக்கத்துத் திரையில் பத்தாண்டு ஜெர்மன் பத்திரமும் பத்தாண்டு இத்தாலியப் பத்திரமும் ஓடும். இரண்டின் யீல்டுக்கும் (பத்திரத்தை இன்றைய விலைக்கு வாங்கினால் கிடைக்கும் வருமான விகிதம்) உள்ள இடைவெளிதான் ஸ்ப்ரெட். இத்தாலி யூரோவில் நிலைக்குமா என்ற பயத்துக்கு அதுதான் வெப்பமானி. அன்று அறிவித்த நடவடிக்கைகள் மோசமில்லை: கூடுதலாக 12,000 கோடி யூரோ பத்திரக் கொள்முதல், வங்கிகளுக்கு மலிவுக் கடன். பிறகு ஒரு பத்திரிகையாளர் கேட்ட கேள்விக்கு, ஸ்ப்ரெட்டைக் குறைக்க நாங்கள் இங்கே இல்லை, அது மத்திய வங்கியின் பணி அல்ல, அதற்கு வேறு கருவிகளும் வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்ற பொருளில் பதில் சொன்னார். வாக்கியம் முடிவதற்குள் இத்தாலியப் பத்திரத்தை விற்கத் தொடங்கிவிட்டார்கள். அன்று ஒரே நாளில் அதன் யீல்டு அரை சதவீதப் புள்ளிக்கு மேல் ஏறியது. சில மணி நேரத்தில் தொலைக்காட்சிப் பேட்டியில் அதைத் திருத்தினார். இத்தாலிய அதிபர் மத்தரெல்லா, வழக்கமாக இப்படிப் பேசாதவர், அன்று மாலையே அதிருப்தி தொனிக்கும் அறிக்கை விட்டார்.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரிக்க வேண்டும். இத்தாலியப் பங்குச் சந்தை அன்று கிட்டத்தட்ட 17 சதவீதம் விழுந்ததை முழுக்க அவர் தலையில் கட்டுபவர்கள் உண்டு, அது நியாயமில்லை. முந்தைய இரவுதான் டிரம்ப் ஐரோப்பியப் பயணத் தடையை அறிவித்திருந்தார், அமெரிக்கச் சந்தையே அன்று 9 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. பத்திரச் சந்தையில் அந்த வாக்கியத்துக்குப் பின் வந்த தாவல் மட்டும் அவருடையது. நிமிடக் கணக்கில் பார்த்தால் அதில் சந்தேகம் இல்லை. பொருளாதாரம் படிக்காததன் விலை என்று சுட்டிக்காட்ட அவர் வாழ்க்கையில் ஒரு இடம் கேட்டால் இதைத்தான் காட்டுவேன், அதிலும் பாதி தயக்கத்தோடு. அவர் சொன்னது சட்டப்படி பிழையில்லாத வாக்கியம். உறுப்பு நாடுகளுக்குப் பணம் அச்சிட்டுக் கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தம் சொல்கிறது, ஸ்ப்ரெட்டைக் குறைப்பது குறிக்கோள் என்று எங்கேயும் எழுதவில்லை. ஆனால் மத்திய வங்கித் தலைவரின் வாக்கியத்தைச் சந்தை சட்டப் புத்தகமாகப் படிப்பதில்லை. 'நாளை நான் இதை விற்க வந்தால் நீ வாங்குவாயா' என்ற ஒரே கேள்விக்கான பதிலாகத்தான் படிக்கிறது. டிராகிக்கு அது ரத்தத்தில் ஊறியிருந்தது. லகார்டுக்கு அன்று ஊறவில்லை. ஆறு நாள் கழித்து, மார்ச் 18 இரவு, 75,000 கோடி யூரோ அவசரக் கொள்முதல் திட்டம் வந்தது. யாருடைய பத்திரத்தை எவ்வளவு வாங்கலாம் என்று தானே போட்டிருந்த வரம்புகளை மத்திய வங்கி தளர்த்தியது. கிரேக்கப் பத்திரமும் உள்ளே வந்தது. டிசம்பருக்குள் அந்தத் திட்டம் 1,85,000 கோடி யூரோவாக வளர்ந்தது. இரண்டு கட்சியாக இருந்த அதே குழுவிடம் ஒப்புதல் வாங்கிச் செய்த வேலை. 2022 ஜூலையில், ஸ்ப்ரெட் காரணமில்லாமல் விரிந்தால் தலையிடுவதற்கென்றே ஒரு கருவியை, ஒருவர்கூட எதிர்க்காமல், நிறைவேற்றினார். மார்ச் 12-ல் 'எங்கள் வேலை இல்லை' என்று சொன்ன விஷயத்துக்கு.

பணவீக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் அவரைத் தனியாகக் குறை சொல்ல அதிகம் இல்லை. 2021 இறுதிவரை விலை உயர்வு தற்காலிகம், 2022-ல் வட்டி உயர வாய்ப்பு மிகக் குறைவு என்று சொல்லிவந்தார்கள். 2022 அக்டோபரில் யூரோ மண்டலப் பணவீக்கம் 10.6 சதவீதம் தொட்டது. மைனஸ் 0.5-ல் இருந்த வைப்பு வட்டியை ஜூலை 2022 முதல் பத்து முறை தொடர்ந்து ஏற்றி 2023 செப்டம்பரில் 4 சதவீதத்துக்குக் கொண்டுபோனார்கள். தாமதம்தான். ஆனால் அந்தத் தவறான கணிப்பைத் தந்தது முனைவர் பட்டம் பெற்ற பொருளாதார வல்லுநர்கள் நிறைந்த துறை. அதே தவறை அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராகச் செய்த ஜெரோம் பவலும் ஒரு வழக்கறிஞர் என்று சிலர் கைகொட்டுகிறார்கள், அவர் பக்கத்திலும் அதே அளவு பொருளாதார வல்லுநர்கள் இருந்தார்கள். ரஷ்ய எரிவாயு நின்றதால் ஏறியது எவ்வளவு, வட்டியைத் தாமதித்ததால் ஏறியது எவ்வளவு என்று ஆய்வாளர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை.

இனி உங்கள் விஷயம். உங்கள் பேராசிரியர் சொன்னது தப்பில்லை, ஆனால் தவறான உதாரணத்தைக் காட்டினார். லகார்ட் ஏறிய ஏணியின் நடுவில் பிரெஞ்சு அமைச்சரவை என்ற படி இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மேலே போக வழியில்லை. அந்த உச்ச நாற்காலிகளைக் குறியாக வைத்துப் படிப்பது வீண். ஐ.எம்.எஃபில் பொருளாதார வல்லுநராக நுழைய பொருளாதார மேற்படிப்பு, பெரும்பாலும் முனைவர் பட்டம், தேவை. சட்டப் பட்டம் அதற்கு ஈடாகாது. ஆனால் அங்கே சட்டத் துறை தனியாக இருக்கிறது, அது அலங்காரத்துக்கு இல்லை. பன்னாட்டு நிதியில் சில பெரிய திருப்பங்களை வழக்கறிஞர்கள்தான் உண்டாக்கியிருக்கிறார்கள். 2012-ல் கிரீஸ் சுமார் 20,000 கோடி யூரோ தனியார் கடனைச் சீரமைத்தது எப்படி? பத்திரங்களில் பெரும்பாலானவை கிரேக்கச் சட்டத்துக்கு உட்பட்டவை. எனவே கிரேக்க நாடாளுமன்றமே ஒரு சட்டம் போட்டு, குறிப்பிட்ட பெரும்பான்மையினர் ஒப்புக்கொண்டால் மற்றவர்களையும் அது கட்டுப்படுத்தும் என்ற விதியைப் பழைய பத்திரங்களுக்குள் பின்தேதியில் நுழைத்தது. அந்த யோசனை சட்டக்காரர்களுடையது. அதற்கு நேரெதிராக, நியூயார்க் சட்டத்தின்கீழ் பத்திரம் வெளியிட்ட அர்ஜென்டினாவை, ஒப்பந்தத்தில் இருந்த 'சம நிலை' என்ற (இந்தப் பத்திரத்தை மற்றக் கடன்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்ற) ஒரு பிரிவை வைத்தே சில நிதியங்கள் நீதிமன்றத்தில் மடக்கின. 2014-ல் அந்நாடு மறுபடி கடன் தவறியது. இரண்டு நாடுகளின் தலையெழுத்தையும் பத்திர ஒப்பந்தத்தின் ஒரு பத்தி தீர்மானித்தது. பொருளாதார வல்லுநர்கள் பலர் அந்தப் பத்தியைப் படித்திருக்கவே மாட்டார்கள்.

அந்தப் பத்தியைப் படிக்கத் தெரிந்தவர்களில் ஒருவராக நீங்கள் ஆகலாம். அதற்குப் பொருளாதாரமும் கொஞ்சம் வேண்டும்: வெளிநாட்டுச் செலாவணிக் கணக்கு எப்படி எழுதப்படுகிறது, கடன் தாங்குதிறன் ஆய்வில் வட்டியும் வளர்ச்சியும் எப்படி மோதுகின்றன, இந்த இரண்டும் புரிந்தால் தொடங்கலாம். ஐ.எம்.எஃபின் ஒப்பந்த விதிகளை ஒரு தடவை முழுதாகப் படியுங்கள், அது ஒரு சட்ட ஆவணம், உங்களுக்கு எளிதாகவே இருக்கும். பிறகு அர்ஜென்டினா 2018-ல் எழுதிக் கொடுத்த விருப்பக் கடிதத்தையும் (கடனுக்காக என்னென்ன செய்வோம் என்று நாடு நிதியத்துக்கு எழுதும் கடிதம்) 2021 மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், இரண்டும் ஐ.எம்.எஃப் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். முதலில் எதை உறுதியாகச் சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள், எந்த இடத்தில் ஒரு வழக்கறிஞர் பேனாவை வைத்து நிறுத்தியிருக்க வேண்டும் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். ஏதாவது ஒரு பத்தியில் மாட்டிக்கொண்டால் அந்தப் பத்தியை அப்படியே போட்டுக் கேளுங்கள், தெரிந்த அளவு சொல்கிறேன்.